உள்ளுணர்வா, பட்டியலா, மதிப்பெண்ணா?

நேரம் நெருக்கும்போது சிக்கலான முடிவை எடுக்க மூன்று வழிகள் உண்டு: அனுபவம் தரும் உள்ளுணர்வை நம்பலாம், முன்பே எழுதிவைத்த செய்முறைப் பட்டியலைப் பின்பற்றலாம், கூறுகளைத் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டிப் பார்க்கலாம்.

முதல் இரண்டும் ஒரே விமானி அறையில் அருகருகே நின்ற நாள் 2009 ஜனவரி 15. நியூயார்க்கிலிருந்து கிளம்பிய விமானம், பறவைகள் மோதியதால் சுமார் 2,800 அடி உயரத்தில் இரு எஞ்சின்களின் உந்துவிசையையும் இழந்தது. துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸ் கையேட்டை எடுத்து, எஞ்சினை மீண்டும் இயக்கும் படிகளை வரிசையாகச் செய்யத் தொடங்கினார். அந்தப் பட்டியலோ 20,000 அடிக்கு மேல் பறக்கும் விமானத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது; இருந்த மூன்றரை நிமிடத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் முடிந்தது. கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கர், பட்டியலில் பின்னால் வரவேண்டிய துணை மின் எஞ்சினை முதலிலேயே இயக்கிவிட்டதால் மின்சாரம் அறுபடவில்லை. விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் உயிர் பிழைத்தனர். இதை வைத்துப் பட்டியலே வீண் என்று சொல்வது தவறு. அது வேறொரு உயரத்துக்கானது, அவ்வளவுதான்.

தீயணைப்புத் தலைவர்களை ஆராய்ந்த உளவியலாளர் கேரி கிளைன் கண்டதும் சல்லன்பெர்கர் காட்டிய உள்ளுணர்வை ஒட்டியதே. அவர்கள் வழிகளை ஒப்பிடுவதில்லை. பழகிய சூழலை அடையாளம் கண்டு, முதலில் தோன்றிய வழியை மனத்தில் ஓட்டிப் பார்த்துச் செயலில் இறங்குகிறார்கள்.

மூன்றாவது வழிக்கு நல்ல சான்று, 1952இல் மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் வகுத்த மதிப்பெண் முறை. பிறந்த குழந்தையின் இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டலுக்கான எதிர்வினை, நிறம் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் தந்து, ஒரு நிமிடத்துக்குள் குழந்தையின் நிலையைச் சொல்லிவிடலாம். மதிப்பெண் முறை மெதுவானது என்ற குறை இங்கே எடுபடாது.

நிபுணர்களின் உள்ளுணர்வை மதிக்கும் கிளைனும், அதைச் சந்தேகிக்கும் எதிரணி உளவியலாளர் டேனியல் கானமனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரை, உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனைகளை வைத்தது: களத்தில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும்; அந்த ஒழுங்கைப் பழகிக் கற்க வாய்ப்பு இருக்க வேண்டும். நீண்டகால அரசியல் கணிப்பில் இவை இல்லை. ஆகவே அங்கே ஒருவர் எவ்வளவு உறுதியாகப் பேசினாலும் அவரது உள்ளுணர்வை நான் ஏற்கமாட்டேன்.

ஆள் தேர்வில் மட்டும் மதிப்பெண், உள்ளுணர்வு இரண்டையும் இணைக்கவே விரும்புகிறேன். 1950களில் இஸ்ரேல் ராணுவ நேர்காணலைத் திருத்தியமைத்த கானமன், ஆறு பண்புகளுக்குத் தனித்தனியே மதிப்பெண் இடச் செய்து, அதன் பிறகே கண்ணை மூடி ஒட்டுமொத்த மதிப்பீடு தரச் சொன்னார். அந்தக் கடைசி மதிப்பீடு, ஆறின் கூட்டுத்தொகைக்கு ஈடாகவே பலித்தது.