.358 வின்செஸ்டர்: மெலிந்த தோளோடு ஒரு நீண்ட மல்லுக்கட்டு

பழைய .308 ஷார்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்குக் குழல் மாற்றப்போகும் நண்பர் ஒருவர், எந்தத் தோட்டாவுக்கு மாற்றலாம், .338 ஃபெடரலா .358 வின்செஸ்டரா என்று கேட்டிருந்தார். இரண்டுமே .308ன் கேஸை, அதாவது பித்தளைக் கூட்டை, கழுத்தில் விரித்து எடுத்தவை. .358 வந்தது 1955ல், .338 ஃபெடரல் 2006ல். தோட்டா உட்காரும் சேம்பரை மூடும் போல்ட்டில் கை வைக்க வேண்டாம். கேஸின் கொள்ளளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் வேகத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சுட்ட கேஸில் பவுடரும் புல்லட்டும் போட்டுத் தோட்டாவைத் தானே நிரப்புகிறவருக்கு வித்தியாசம் தோளில்தான், அதாவது கேஸ் கழுத்தை நோக்கிச் சரியும் இடத்தில்தான் தெரியும்.

மூன்று கேஸிலும் தோளின் விட்டம் 0.454 அங்குலம். .308ன் கழுத்து சுமார் 0.344 என்பதால் பக்கத்துக்கு 0.055 அங்குலத் தோள் மிஞ்சுகிறது. .358ன் கழுத்து 0.388. அங்கே மிஞ்சுவது 0.033தான், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சேம்பருக்குள் தோட்டா முன்னே நழுவாமல் நிற்பது இந்த விளிம்பை நம்பித்தான்.

சுட்ட கேஸைப் பழைய வடிவுக்கு அழுத்தும் அச்சுதான் டை, கேஸின் அடியைப் பிடித்துக்கொள்வது ஷெல் ஹோல்டர். 'டை ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை திருகி, மேலும் கால் சுற்று' என்ற வழக்கமான குறிப்பை .358க்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தோள் தேவைக்கு மேல் பின்னால் போய்விடும். பவுடருக்குத் தீமூட்டும் பிரைமரை ஊசி அடிக்கும்போது கேஸ் முன்னே நகர்ந்து அடியின் வலுவைத் தின்றுவிடும், சில பிரைமர்கள் வெடிக்காது. வெடித்தாலும் தொல்லைதான். கேஸின் முன்பாதி சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பக்கம் மட்டும் பின்னால் இழுபட்டு மெலியும். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே பளபளப்பாக ஒரு வளையம் தெரிகிறதா பாருங்கள். முனை வளைத்த மெல்லிய கம்பியால் உட்சுவரைத் தடவும்போது அதே இடத்தில் பள்ளம் தட்டினால் கேஸை நசுக்கி எறிந்துவிடுங்கள். இன்னொரு முறை நிரப்பினால் இரண்டாகப் பிரியும்.

அளக்கும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. .308க்குப் பழகிய கையோடு தோள் நிற்கும் இடத்தை அளக்கும் கம்பேரட்டரில் 0.400 அங்குலத் துளையுள்ள புஷ்ஷிங்கை மாட்டினால், .358ல் அது கழுத்தும் தோளும் சேரும் வளைவில் போய் உட்காரும், அளவு நிலைக்காது. 0.420 மாட்டுங்கள், சரியாகத் தோளின் நடுவில் நிற்கும். உங்கள் ரைபிளில் சுட்ட கேஸை முதலில் அளந்து, டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தோள் 0.002 அங்குலம் பின்வாங்கியதும் பூட்டு வளையத்தை இறுக்குங்கள். இவ்வளவு செய்தபிறகும் கிரிம்ப்பை, அதாவது கேஸின் வாயைப் புல்லட்டின் மேல் மடிப்பதை, அழுத்திப் போட்டால் தோள் பிதுங்கி, போல்ட் மூடாது. மேகசினில் புல்லட் உள்ளே நழுவாத அளவுக்கு லேசான கிரிம்ப் போதும். கேஸ்களின் வாயெல்லாம் ஒரே நீளத்துக்கு வெட்டியிருப்பதும் கட்டாயம்.

.338 ஃபெடரலில் இந்தத் தலைவலி பாதிகூட இல்லை. தோள் கூடுதல், டையும் இவ்வளவு அடம்பிடிக்காது, 210 கிரெயின் எடையுள்ள புல்லட்டை நொடிக்கு சுமார் 800 மீட்டரில் தள்ளும். நாகரிகமான தோட்டா என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் புல்லட் அலமாரிக்கு வந்தால் கதை மாறுகிறது. .338 புல்லட்டுகளில் பெரும்பாலானவை 1958ல் வந்த .338 வின்செஸ்டர் மேக்னத்தின் வேகத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. ஃபெடரலின் வேகத்தில், தூரம் கூடியபின் கனமானவை விரியத் தயங்கும். 225 கிரெயினுக்கு மேல் போனால், மேகசின் நீளத்துக்கு அடங்க புல்லட்டை ஆழமாக அமிழ்த்த வேண்டி, பவுடருக்கான இடமும் போகும். .358ல் 200, 225 கிரெயின் புல்லட்டுகள் மிதமான வேகத்திலேயே நன்றாக விரிகின்றன. பயிற்சிக்கு .357 ரிவால்வர் புல்லட்டையே மென்மையாக நிரப்பலாம். குழலின் துளை அகலம் என்பதால் .308க்குப் போடுவதைவிடச் சற்று வேகமாக எரியும் பவுடர் வேண்டும். கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்துதான் ஏற வேண்டும்.

ஆகவே நண்பருக்கு என் பதில் .358. எரிச்சல் தீரவில்லை, ஆனாலும் .358தான்.

குழல் மாற்றியதும் முதல் வேலையாக .308 தோட்டாக்களை அந்த மேசையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். .358 சேம்பரில் .308 தடையில்லாமல் ஏறிவிடும், போல்ட்டும் மூடும். .308 கேஸை விரித்து .358 செய்தால் அடிமுத்திரை .308 என்றே இருக்கும். அந்தப் பெட்டியின் மேல் சிவப்பு மையில் .358 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.