யூனிவிஷன்: மாலைச் செய்திக்காகவே பார்க்கலாம்

அமெரிக்காவின் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியான யூனிவிஷனை எடைபோட விரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதன் மாலைச் செய்தியை. காதல் தொடர்களுக்கும் கேளிக்கை நிகழ்ச்சிகளுக்கும்தான் அது பெயர்பெற்றது. ஆனால் அதன் உண்மையான பலம் டெக்சஸில் மாலை 5:30 மணிக்கு ஒளிபரப்பாகும் அந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆங்கில அலைவரிசைகளில் ஒரு வரியில் கடந்துபோகும் ஹோண்டுராஸ் புயலும், கொலம்பியத் தேர்தலும், கலிபோர்னியப் பண்ணைத் தொழிலாளர்களின் கூலிப் பிரச்சினையும் இங்கே தலைப்புச் செய்தியாகின்றன. குடிவரவு விதி ஒன்று மாறினால், அதை வாஷிங்டன் அரசியலாக மட்டும் சொல்லி நிறுத்திவிடுவதில்லை. எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம், எந்த நாளுக்குள் கொடுக்க வேண்டும், இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று நிருபர் ஒவ்வொன்றாக விளக்குகிறார். வழக்கறிஞர்போல் பலகை மாட்டிக்கொண்டு பணம் பறிப்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்றும் எச்சரிக்கிறார். அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் வேலையும் குடும்பமும் அந்த விதியைப் பொறுத்தே இருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் தயாரிக்கும் செய்தி அது.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததன்று. யூனிவிஷனின் லாஸ் ஏஞ்சலிஸ் நிலையமான கே.எம்.இ.எக்ஸ்-இன் செய்தி இயக்குநர் ரூபன் சலசார், 1970 ஆகஸ்ட் 29 அன்று, வியட்நாம் போருக்கு எதிரான மெக்சிக அமெரிக்கர்களின் பேரணி பற்றிச் செய்தி சேகரிக்கச் சென்ற இடத்தில், காவல் அதிகாரி ஒருவர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு இறந்தார். அதே நிலையம் 2007-இல் முன்னின்று தொடங்கிய இயக்கம், தகுதியுள்ளவர்களைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்படி நாள்தோறும் தூண்டியது. அவ்வாண்டு ஜூலை இறுதியில் விண்ணப்பக் கட்டணம் 330 டாலரிலிருந்து 595 டாலராக உயரவிருந்ததால், அதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள் என்று சொன்னது பலருக்கு நேரடியாகப் பயன்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மயாமி பல்கலைக்கழகத்தில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர்களை ஒரே மேடையில் ஏற்றி, ஸ்பானிய மொழியில் கேள்வி கேட்டதும் யூனிவிஷன்தான்.

அதன் தோற்றத்தை அறிந்தால் இன்றைய குறைகளின் காரணமும் விளங்கும். 1955-இல் சான் அன்டோனியோ நகரில் ராவுல் கோர்த்தேஸ் என்பவர் கே.சி.ஓ.ஆர். என்ற நிலையத்தைத் தொடங்கினார். 41-ஆம் எண்ணில், யு.எச்.எஃப். அலையில் அது ஒளிபரப்பானது. அக்காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த அலையை வாங்கா என்பதால், தங்கள் மொழியைக் கேட்க விரும்பிய ஏழைக் குடும்பங்கள் தனிக் கருவி ஒன்றை விலைகொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. 1960-களின் தொடக்கத்தில் நிலையம் மெக்சிகோவின் தொலைக்காட்சி அதிபர் அஸ்காராகாவோடு தொடர்புடைய குழுவின் கைக்குப் போனது. அதிலிருந்து ஒரு தேசிய வலையமைப்பு வளர்ந்தது. வெளிநாட்டவரின் பிடி சட்ட வரம்பை மீறுகிறது என்ற வழக்கின் விளைவாக 1980-களில் அது வாழ்த்து அட்டை நிறுவனமான ஹால்மார்க்குக்கு விற்கப்பட்டது. யூனிவிஷன் என்ற பெயர் 1987-இல் வந்தது. பின்னும் பல கை மாறி, 2022-இல் மெக்சிகோவின் தொலைக்காட்சி நிறுவனமான டெலிவிசாவோடு இணைந்துவிட்டது.

உரிமையாளர் யாராக இருந்தாலும் இரவுத் தொடர்கள் மட்டும் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தே வந்துகொண்டிருக்கின்றன. இந்தத் தொடர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு: சில மாதங்களில் முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் இழுக்கப்படும் நம் நெடுந்தொடர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, வெள்ளிக்கிழமையன்று கதை உண்மையிலேயே முடிந்து, திங்களன்று வேறொன்று தொடங்குவது பெரிய ஆறுதல். ஆனால் நாயகனும் நாயகியும் பெரும்பாலும் வெளுத்த நிறத்தினராகவும், பழங்குடிச் சாயல் கொண்டவர் வீட்டு வேலைக்காரியாகவும் வருவதை இன்னும் எத்தனை காலம் பொறுத்துக்கொள்வது? 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஹிஸ்பானியர், அதாவது ஸ்பானிய மொழி மரபில் வந்தவர்கள், 6.21 கோடிப் பேர். அவர்களில் புவேர்த்தோ ரீக்கோவினரும் கியூபரும் சல்வதோரியரும் டொமினிக்கரும் இருக்கிறார்கள். டெக்சஸிலேயே பிறந்து, இரு மொழியிலும் பேசி வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாழ்க்கை இந்தத் தொடர்களில் இல்லை. போட்டியாளரான டெலிமுண்டோ மயாமியில் சொந்தமாகத் தொடர் எடுக்கத் துணிந்தபோது, யூனிவிஷன் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து கிடைப்பதே போதும் என்று இருந்துவிட்டது.

குழந்தைகளுக்கு இழைத்த குறையைச் சொல்லாமல் விடக் கூடாது. சட்டப்படி ஒளிபரப்ப வேண்டிய கல்வி நிகழ்ச்சிக்குப் பதிலாகத் தொடர்நாடகத்தைக் கணக்குக் காட்டியதற்காக, 2007-இல் யூனிவிஷன் 2.4 கோடி டாலர் செலுத்தியது. ஆங்கிலம் தெரியாத வீட்டில் வளரும் குழந்தைக்குத்தான் நல்ல கல்வி நிகழ்ச்சி மிகவும் தேவை என்பதால், இதை எளிதாக மன்னிக்க என்னால் முடியவில்லை.

கால்பந்து ரசிகர்கள் மெக்சிக லீக் ஆட்டங்களை இங்கே பார்க்கலாம். உலகக் கோப்பை 2018 முதல் டெலிமுண்டோவுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை இரவுகளில் டான் பிரான்சிஸ்கோ நடத்திய பெருநிகழ்ச்சி, 1962-இல் சிலியில் தொடங்கி 2015 வரை ஓடி முடிந்தது. அந்த இடம் இன்னும் நிரம்பவில்லை.

எனக்குள்ள பெரிய கவலை மறுபடியும் செய்தியைப் பற்றியதே. ஹோர்ஹே ரமோஸும் மரியா எலேனா சலினாஸும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் சேர்ந்து வாசித்த செய்தி அது. 2015-இல் அயோவா மாநிலத்தில் டிரம்பிடம் கேள்வி கேட்டு, அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர் ரமோஸ். 2023 நவம்பரில் டெலிவிசாவின் செய்தியாளர் அதே டிரம்பை யூனிவிஷனுக்காக நேர்கண்டபோது, கடினமான எதிர்க்கேள்விகள் வரவில்லை என்று பரவலாகக் கண்டனம் எழுந்தது. அந்தப் பேட்டியைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமான கண்டனம் என்றே படும். 2024 முடிவில் ரமோஸும் விலகிவிட்டார். படிவத்தையும் கட்டணத்தையும் விளக்கும் நிருபர்கள் இன்றும் நன்றாகவே உழைக்கிறார்கள். ஆனால் அந்த விதிகளை வகுக்கும் அதிகாரத்தில் இருப்பவரிடம் பார்வையாளர்கள் சார்பில் கடிந்து கேட்கும் குரல் தணிந்திருக்கிறது.

பார்ப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. சாதாரண ஆன்டெனா ஒன்று போதும்: சான் அன்டோனியோவில் இன்றும் அதே 41, லாஸ் ஏஞ்சலிஸில் 34, மயாமியில் 23. இணையத்தில் பார்க்க விரும்புவோருக்கு வீக்ஸ் என்ற செயலி இருக்கிறது. விளம்பரத்தோடு இலவசமாகவும், சந்தா கட்டியும் பார்க்கலாம். ஸ்பானிய மொழி கற்பவர்கள் தொடர்களை விட்டுவிட்டு மாலைச் செய்தியிலிருந்தே தொடங்குங்கள். வாசிப்பவர்களின் உச்சரிப்பு தெளிவாக இருக்கிறது, படமும் பொருளை உணர்த்திவிடுகிறது.