மெக்கனூடோ கஃபே: தலை சுற்றாத முதல் சுருட்டு

எங்கள் அப்பாரு சுருட்டுப் பிடிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்தவன் நான். காங்கேயம் பக்கம் தோட்டம், சாளை முன்னால் கயிற்றுக் கட்டில், பொழுது சாய்ந்ததும் மடியிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைப்பார். வாசம் பிடிக்கும், ஆனால் வாயில் வைத்துப் பார்க்கும் தைரியம் நாற்பது வயது வரை வரவில்லை. அப்புறம் திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்த வெளிநாட்டு பையர் ஒருத்தர், ஷிப்மெண்ட் நல்லபடியாகப் போன சந்தோஷத்தில், கட்டைவிரல் தண்டியில் ஒரு சிகாரைக் கையில் திணித்துவிட்டுப் போனார். அதை வெறும் வயிற்றில், பீடி மாதிரி நெஞ்சு வரைக்கும் இழுத்து, கால்வாசி கூடத் தாண்டவில்லை, வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அது என்ன பிராண்டு என்று சொல்லப் போவதில்லை. தப்பு அதன்மேல் இல்லை, என்மேல்தான்.

அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்த மச்சான், அடுத்த தடவை துபாயிலிருந்து வரும்போது வாங்கி வந்ததுதான் மெக்கனூடோ கஃபே என்கிற சிகார், அதில் ஹைட் பார்க் என்கிற அளவு. (ஒரு ஆள் வரியில்லாமல் 25 சிகார் வரை கொண்டு வரலாம், அதற்கு மேல் போனால் கஸ்டம்ஸில் கட்ட வேண்டியதுதான்.) நீளம் ஐந்தரை அங்குலம், ரிங் கேஜ் 49. ரிங் கேஜ் என்பது தண்டியைச் சொல்வது, ஒரு அங்குலத்தை 64 பாகமாகப் பிரித்து அதில் எத்தனை என்கிற கணக்கு. 49 என்றால் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்.

இதைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால், பால் கொஞ்சம் தூக்கலாக ஊற்றிய காபி. பற்றவைத்ததும் காரம் தொண்டையைப் பிடிக்கும் என்று பயந்துகொண்டே இழுத்தேன், ஒன்றும் இல்லை. காய்ந்த மரவாசம், லேசாக வறுத்த முந்திரி மாதிரி ஒரு ருசி, நாக்கில் கொஞ்சம் வழவழப்பு. பாதியில் கொஞ்சம் மிளகு எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அனுபவசாலிகள் இதைச் சப்பென்று இருக்கிறது என்பார்கள். பத்து வருஷம் பிடிக்கிறவருக்கு அப்படித்தான் இருக்கும், எனக்கு அந்தச் சப்புதான் வேண்டியிருந்தது.

இதன் மேலிலை, அதாவது வெளியே சுற்றியிருக்கும் இலை, வெளிர் பழுப்பு. அமெரிக்காவில் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வயலுக்கு மேலேயே துணிப் பந்தல் கட்டி, வெயில் நேரே படாமல் வளர்க்கிற இலை. (வயலுக்கே துணி! அந்த ஆர்டர் நமக்கு வந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்காத திருப்பூர்க்காரன் இருக்க மாட்டான்.) நிழலில் வளர்வதால் இலை மெல்லிசாக, நரம்பு தெரியாமல், பட்டு மாதிரி வரும். ஈக்வடாரிலும் அதே ஜாதி இலை போடுகிறார்கள், அங்கே பந்தலுக்குப் பதில் மேகமூட்டமே நிழல். சுருட்டிச் செய்வது டொமினிகன் குடியரசில்.

ஆனால் இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். வெளுப்பாக இருந்தால் மைல்டு, கறுப்பாக இருந்தால் ஸ்ட்ராங் என்று கடைக்காரரே சொல்வார். அப்படி இல்லை. மேலே சுற்றியது ஒரே ஒரு இலை, காரம் பெரும்பாலும் உள்ளே மடித்து வைத்த இலைகளில் இருக்கிறது. கறுத்த மேலிலை நிறைய நாள் பதப்படுத்தியதால் கறுத்திருக்கும், சில சமயம் இனிப்பாகவே இருக்கும். உள்ளிலையில் மூணு தரம்: செடியின் அடியில் பறிப்பது வொலாடோ, நடுவில் செக்கோ, உச்சியில் லிஹேரோ. அடியிலை நன்றாக எரியும், காரம் கம்மி. உச்சியிலை வெயில் முழுவதையும் வாங்கித் தடித்து நிற்கும், காரமெல்லாம் அங்கே. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புகையிலைச் செடி பூ விடுவதற்கு முன்னால் கொழுந்தைக் கிள்ளி, பக்கச் சிம்பை ஒடித்து, சத்து முழுவதையும் இலைக்கு ஏற்றுகிற வேலையை எங்கள் தோட்டத்தில் அப்பாரு வருஷா வருஷம் செய்தார். உச்சியிலை முறுக்கு, அடியிலை சொங்கி என்று அவர் சொன்னதைத்தான் ஸ்பானிஷ் பேர் வைத்துப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள்.

அப்பாருவின் புகையிலையைச் சுருட்டினால் இது மாதிரி வருமா என்று கேட்டால், வராது. நம் பக்கத்து உப்புத்தண்ணிக் கிணற்றில் விளைவது வெற்றிலையோடு மெல்வதற்கு அருமை, ஆனால் உப்பு ஏறிய இலை சீராக எரியாது, அணைந்து அணைந்து போகும். சுருட்டு என்றால் திண்டுக்கல், உறையூர்தான். ஆங்கிலத்தில் செரூட் என்கிற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனது. நம் சுருட்டு இரண்டு முனையும் திறந்தே இருக்கும், அப்படியே பற்றவைக்கலாம். சிகாருக்கு ஒரு முனையில் இலையாலேயே தொப்பி ஒட்டியிருப்பார்கள், அதை வெட்டித்தான் ஆக வேண்டும். நான் முதலில் பல்லால் கடித்தேன், மேலிலை பிரிந்து வாயெல்லாம் தூள். இரண்டு பிளேடு வைத்த கட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், தொப்பியின் நுனியில் மட்டும் வெட்டுங்கள், தொப்பி முடிகிற கோட்டைத் தாண்டினால் சுற்றியது முழுவதும் அவிழ்ந்துவிடும்.

பற்றவைக்கப் பெட்ரோல் லைட்டர் வேண்டாம், முதல் பத்து நிமிஷம் பெட்ரோல் பங்க் வாசம்தான் வரும். கேஸ் லைட்டரோ தீக்குச்சியோ போதும். நெருப்பில் நேராக முக்காமல், கொஞ்சம் தள்ளிப் பிடித்து, சோளக்கருது வாட்டுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வாட்டி, முனை முழுவதும் சிவந்த பிறகு இழுக்க வேண்டும். புகையை வாயோடு நிறுத்துங்கள். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு. அதற்கு மேல் போனால் சிகார் சூடேறிக் கசக்கும், எவ்வளவு மைல்டாக இருந்தாலும் தலை சுற்றும். ஹைட் பார்க் எனக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வருகிறது. கடைசி மூன்றில் ஒரு பாகத்தில் காரம் சேர்ந்துகொள்ளும், காசு கொடுத்தோமே என்று விரல் சுடும் வரை இழுக்காமல் சாம்பல் தட்டில் வைத்துவிட்டால் தானே அணைந்துவிடும். நசுக்கினால்தான் அந்தக் கெட்ட நாற்றம்.

முக்கியமானது, சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். நான் அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றி ஒரு கட்டுக் கட்டிவிட்டுத்தான் கட்டருக்கே கை நீட்டுவேன். பக்கத்தில் கருப்பட்டிக் காபி. கிறுகிறுவென்று வந்தால் ஒரு வாய் நாட்டுச் சர்க்கரை, நிறையத் தண்ணீர், சிகாரைக் கீழே வைத்துவிட வேண்டும்.

நெஞ்சுக்குள் இழுப்பதில்லையே, அப்புறம் என்ன என்று மச்சான் சொல்வார். தப்பு. சிகார் புகை காரத்தன்மை (நாக்கில் தெரிகிற காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரானது) உள்ளது, நிகோடின் வாய்த்தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போய்விடும், வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் உள்ளே இழுக்காதவருக்கும் வரும். பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். மைல்டு என்பது ருசிக்குச் சொல்கிற பேர், உடம்புக்கு இல்லை. நான் மாசத்துக்கு ஒன்று, அதுவும் தோட்டத்தில் மட்டும். இதுவரை எந்தப் புகையும் பழக்கமில்லாதவர் இதைப் படித்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. பொது இடத்தில் பிடித்தால் அபராதம், 18 வயதுக்குக் கீழே விற்கவே கூடாது.

இதற்கு அடுத்த படி என்று கேட்டால் க்யூபாவின் ஓயோ டி மான்டெர்ரே, எபிக்யூர் நம்பர் 2. ரிங் கேஜ் 50, நீளம் 124 மில்லிமீட்டர், ரோபஸ்டோ என்கிற குட்டைத் தடிமன். க்யூபாக்காரர்களிலேயே சாதுவான பிராண்டு. மெக்கனூடோவைவிட வாசம் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி. முதல் சிகாராக வேண்டாம், ஐந்தாறு பிடித்த பிறகு பாருங்கள்.

கடையில் வாங்குவதென்றால் கோயமுத்தூரில் ஒரு கடையில் நான் பட்டதைச் சொல்கிறேன். கண்ணாடி அலமாரி, உள்ளே குழல் விளக்கு, சிகார்கள் வரிசையாக நிற்கின்றன, ஈரப்பதம் பற்றிக் கேட்டால் ‘ஏசி போட்டிருக்குதுங்க’ என்றார். ஏசி இன்னும் காய வைக்கும்! இரண்டு விரலால் லேசாக அமுக்கினால் திரும்பி எழ வேண்டும், சருகு மாதிரி நொறுங்கும் சத்தம் கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நான் வைக்காமல் வாங்கி வந்தேன், வைக்கோல் எரிந்தது மாதிரி இருந்தது. அதே கடையில் கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கோஹிபா என்கிற க்யூபா பிராண்டு என்று ஒன்றையும் காட்டினார். க்யூபாவிலிருந்து கண்ணாடி மூடிப் பெட்டியில் கோஹிபா வருவதே கிடையாது, பார்த்தவுடன் போலி.

சிகாருக்கு 65இலிருந்து 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். தேவதாரு மரப் பெட்டியெல்லாம் வாங்க வேண்டியதில்லை, இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் ஈரப்பதத்தை 69 சதவீதத்தில் நிறுத்துகிற பொட்டலம் ஒன்றைப் போட்டு, அம்மிணி கண்ணில் படாத அலமாரியில் வைத்தால் போதும். (பட்டுவிட்டது. ‘ஏனுங்க, கருப்பராயன் கோயிலுக்கு எடுத்து வெச்சதுங்களா?’ என்றாள்.) ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், காய்ந்தும் போகும், கருவாட்டு வாசமும் ஏறும்.

மச்சான் கொண்டு வந்ததில் இன்னும் ஒன்பது இருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இப்போது தோட்டத்தில் வீசுகிற வீச்சுக்குத் தீக்குச்சி நிற்காது, நின்றாலும் காற்றே பாதியை இழுத்துத் தீர்த்துவிடும். ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் டப்பாவைத் திறக்க வேண்டும்.