ஏறும் நாளுக்கு முந்தைய மாலை: சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு அறிக்கையைப் பயன்படுத்திய அனுபவம்

ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை, நண்பர்கள் நால்வர் யூலியர் கணவாயை அடுத்த லா வெதுத்தாவில் வண்டியை நிறுத்திவிட்டு, 3,196 மீட்டர் உயரமுள்ள பீஸ் சுர்கோண்டா மலைக்கு 'ஸ்கீ' எனும் பனிச்சறுக்குப் பலகைகளோடு ஏறி இறங்கினோம். அங்கே இழுவைக் கம்பியோ, சீராக்கப்பட்ட தடமோ, காவலர்களோ கிடையாது. ஸ்கீயின் அடியில் ஒட்டிக்கொள்ளும் 'ஃபெல்' பட்டையின் மயிர்கள் பின்வழுக்காமல் பிடித்துக்கொள்ள, ஏறத்தாழ 950 மீட்டர் உயரத்தைச் சொந்தக் கால்களால் ஏற வேண்டும். இத்தகைய நாளுக்கு எந்த ஸ்கீ, எந்தக் காலணி நல்லது என்று எழுதுவோர் பலர் உண்டு. நான் எழுத விரும்புவது, பணம் வாங்காமல் கிடைப்பதும் என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதுமான ஒரு சேவையைப் பற்றி: தாவோசில் உள்ள, பனியையும் பனிச்சரிவையும் ஆராயும் எஸ்.எல்.எஃப் நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கை.

1945 முதல் இந்நிறுவனம் இவ்வறிக்கையை வெளியிட்டு வருகிறது. குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில், இணையதளத்திலும் 'ஒயிட் ரிஸ்க்' செயலியிலும் அது கிடைக்கும். மலையில் நிறுவப்பட்ட தானியங்கி நிலையங்களின் அளவீடுகளும், நாடெங்கும் பயிற்சி பெற்ற அவதானிகள் தங்கள் பள்ளத்தாக்கில் கண்டு அனுப்பும் தகவல்களும், வானிலைக் கணிப்பும் அதற்கு அடிப்படை.

புதிதாக வருபவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தையும் எண்ணையும்தான். ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான ஐந்து படிகள் உள்ளன: 1 குறைவு, 2 மிதம், 3 குறிப்பிடத்தக்கது, 4 அதிகம், 5 மிக அதிகம். 2022 டிசம்பரிலிருந்து சுவிஸ் அறிக்கையில் இரண்டாம் படி முதல் கழித்தல், சமம், கூட்டல் என்ற உட்பிரிவுகளும் சேர்ந்திருப்பதால், மூன்றாம் படியின் கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் உள்ள வேறுபாடு இப்போது தெரிகிறது. இது உண்மையான முன்னேற்றம். ஆனாலும் எண்ணோடு நின்றுவிடுபவர் அறிக்கையில் பாதியைக்கூடப் படிக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து. எந்தத் திசை நோக்கிய சரிவில், எந்த உயரத்துக்கு மேலே, எவ்வகைச் சிக்கல் இருக்கிறது என்பதைச் சொல்லும் சிறு வட்டப்படமும் அதன் கீழுள்ள சில வரிகளுமே அறிக்கையின் உயிர். இரண்டாம், மூன்றாம் படி நாள்களில்தான் ஸ்கீயர்களின் மரணங்களில் பெரும்பகுதி நேர்கிறது என்பதை நினைத்தால், 'மிதம்' என்ற சொல்லைப் பார்த்து நிம்மதி அடைவது எவ்வளவு தவறு என்பது புரியும்.

இளவேனிலில் இந்த அறிக்கை ஏறக்குறைய ஒரு கடிகாரமாக மாறிவிடுகிறது. குளிர்காலப் பனியில் ஆபத்து நாள் முழுதும் பெரிதாக மாறாமல் இருக்கக்கூடும். ஏப்ரலிலோ அது மணிக்கு மணி மாறும். மேகமற்ற இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, காற்றின் வெப்பநிலை சுழியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும்கூட, கெட்டியான ஓடாக உறைகிறது. வெயில் ஏறும்போது அந்த ஓட்டின் மேல் சில சென்டிமீட்டர் மட்டும் இளகுகிறது. இங்குள்ளவர்கள் 'ஃபிர்ன்' என்று ஆசையோடு சொல்லும் அந்தப் பனி, கீழே உறுதியும் மேலே மென்மையுமாக, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ஸ்கீயை ஏந்திக்கொள்ளும். சரிவைப் பொறுத்து ஒரு மணி நேரம் நீடித்தால் அதிகம். அதற்குப் பின் ஓடு முழுதும் கரைந்து, நீர் உள்ளே கசிந்து, அடியிலுள்ள பலவீனமான அடுக்கை எட்டினால் ஈரப் பனிச்சரிவு புறப்படும். எனவே இப்பருவத்தில் அறிக்கை, காலையில் உள்ள நிலையையும், பகல் ஏற ஏற ஈரப்பனியால் கூடும் நிலையையும் தனித்தனியே சொல்கிறது. எங்கள் வெள்ளிக்கிழமை மாலை அறிக்கை அப்படித்தான் இருந்தது: காலையில் பெரும்பாலும் சாதகமான நிலை, பகலில் ஈரப் பனிச்சரிவு ஆபத்து உயரும், பயணங்களை உரிய நேரத்தில் முடிக்க வேண்டும்.

உரிய நேரம் எது என்பதை அறிக்கை சொல்லாது. அதைக் கணக்கிட வேண்டியது நாம்தான், அந்தக் கணக்கைத்தான் வெள்ளி இரவு மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்தோம். எங்கள் வழி செல்லும் வால் டன்யெல் பள்ளத்தாக்கு தெற்கு நோக்கித் திறந்திருப்பதால் வெயில் தாமதிக்காது. ஏறுவதற்கு மூன்றரை மணி நேரம், உச்சியில் அரை மணி நேரம், பத்து மணிக்குச் சறுக்கத் தொடங்க வேண்டுமென்றால் ஆறு மணிக்குக் காலடி எடுத்து வைக்க வேண்டும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகள் நிறமிடப்பட்டிருக்கும் சுவிஸ் நில அளவை வரைபடத்தைச் செயலியிலேயே விரித்து, வழியின் மீது வரும் ஒவ்வொரு நிறத் திட்டையும் எந்த மணிக்குக் கடப்போம் என்று குறித்துக்கொண்டோம். அறிக்கையும் வரைபடமும் ஒரே இடத்தில் இருப்பது இச்செயலியின் மிகப் பெரிய வசதி என்பேன். இரண்டையும் தனித்தனியே பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்.

விடியலில் வண்டியருகே பனி கல்லாக இருந்தது. கெட்டிப் பனியில் வழுக்காதிருக்க ஸ்கீக்கு மாட்டும் உலோகப் பற்களைத் தொடக்கத்திலேயே போட்டுக்கொண்டோம். எட்டு மணிப் பதிப்பு வெளியானபோது பாதி மலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். இளவேனில் பயணிகள் புறப்பட வேண்டிய நேரத்தில் காலைப் பதிப்பு வந்திருக்காது என்பதால், திட்டத்தை மாலைப் பதிப்பின் மேல்தான் கட்ட வேண்டும். காலைப் பதிப்பு அதைச் சரிபார்க்க மட்டுமே. ஆழமான பள்ளத்தாக்குகளில் தொலைபேசி அலை எட்டாத இடங்கள் உண்டு என்பதால், மாலையிலேயே அறிக்கையைச் சேமித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் வலியுறுத்த வேண்டும். இது ஒரு வட்டாரத்துக்கான முன்கணிப்பு. என் கண் முன்னால் உள்ள சரிவைப் பற்றிய தீர்ப்பு அன்று. ஏறும்போது கிழக்கு நோக்கிய ஒரு மேட்டின் ஓரத்தில் ஊன்றிய கோல், காலை எட்டரைக்கே ஓட்டைத் துளைத்துக்கொண்டு கைப்பிடிவரை இறங்கியது. இரவின் கடைசி மணிகளில் மெல்லிய மேகம் படர்ந்து உறைதலைக் குறைத்திருக்கலாம் என்று எங்களில் மூத்தவர் சொன்னார். இறங்கும்போது அதே திசையில் இருந்த, சற்றுச் செங்குத்தான இன்னொரு சரிவுக்கு மீண்டும் ஏறிப் போக வேண்டுமென்று வாரம் முழுதும் பேசியிருந்தோம். அதை அந்த இடத்திலேயே கைவிட்டோம். பத்துக்குச் சில நிமிடங்கள் முன்னதாக உச்சிக்குக் கீழிருந்து புறப்பட்டு, நான் இந்தப் பருவத்தில் கண்ட மிகச் சிறந்த ஃபிர்னில், ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு இறங்கினோம். பதினொன்றரைக்கு வண்டியருகே காலணியைக் கழற்றியபோது, கைவிட்ட சரிவு அப்படியே அசையாமல் இருந்தது. அது விழுந்திருந்தால்தான் எங்கள் முடிவு சரி என்று நான் நினைக்கவில்லை; கோல் சொன்னதை அறிக்கை சொன்னதோடு சேர்த்துப் பார்த்து எடுத்த முடிவு அது.

அறிக்கையைப் படித்துவிட்டதால், பனியில் புதையுண்டவரைத் தேடி மீட்க உதவும் தேடுகருவியையும் மண்வாரியையும் துழாவுகோலையும் வீட்டில் விட்டுப் போகலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். புதையுண்டவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10 நிமிடங்களுக்குப் பின் வேகமாகச் சரிகிறது; அந்நேரத்துக்குள் உதவக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் நண்பர் மட்டுமே.

பயன்படுத்துபவர்கள் தாங்கள் கண்டதைத் திருப்பி அனுப்பவும் இந்தச் சேவையில் வழி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வீடு திரும்பும் வழியில் ஓட்டுநரைத் தவிர மற்ற மூவரும் சேர்ந்து எங்கள் குறிப்பை எழுதினோம்: 2,700 மீட்டரில், கிழக்கு முகத்தில், எட்டரை மணிக்கு ஓடு தாங்கவில்லை; தென்மேற்கில் பத்து மணிவரை உறுதியாக இருந்தது; புதிய பனிச்சரிவு எதையும் காணவில்லை. மாலை 5 மணிப் பதிப்புக்கு அப்போது இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.