பில் எடுக்கத் தெரிகிறது, ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லத் தெரியவில்லை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. எங்களுக்கு ஜிஎஸ்டி சாஃப்ட்வேர் விற்றவர்கள், ஏஐ ஏஜென்ட்டோடு கோத்துக்கொள்ளும் எம்சிபி சர்வர் (ஏஜென்ட் வெளி சாஃப்ட்வேரிலிருந்து தகவல் எடுக்க உதவும் இணைப்பு) ஒன்றையும் தனிக் கட்டணத்துக்குத் தந்தார்கள். பார்ட்டியின், அதாவது நான் கணக்கு எழுதும் கம்பெனியின், ஜிஎஸ்டி எண்ணுக்கு வந்திருக்கும் இ-இன்வாய்ஸ்களை (அரசு முறைப்படி ஆன்லைனில் பதிவான பில்களை) அது இழுத்து வந்து ஏஜென்ட்டிடம் கொடுக்கும். “போன மாசம் வந்த நூல் பில்லில் எதெல்லாம் டாலியில் ஏறலை?” என்று தமிழிலேயே கேட்டால் பட்டியல் வந்து நிற்கும். கம்பெனி பெயர் வேண்டாம், கருவியைப் பற்றி மட்டும் பேசுவோம்.

முதலில் நல்லது. இதுவரை ஏஜென்ட்டுக்கு நாங்கள் போட்ட தீனி வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பும் ஃபோட்டோவும்தான். மில் பில்லில் லாட் நம்பர், எடை, ரேட் எல்லாம் நெருக்கி அடித்திருக்கும். மடிப்பு விழுந்த இடத்தில் 8 இருந்தால் அது 3 ஆகிவிடும். இந்தக் கருவி கொண்டுவருவது படம் இல்லை, இ-இன்வாய்ஸ் பதிவுத் தளம் டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட ஜேசன், அதாவது கம்ப்யூட்டர் நேராகப் படிக்கும் எழுத்துக் கோப்பு. எந்த மில் எந்த சாஃப்ட்வேரில் பில் போட்டாலும் ஐஎன்வி-01 என்ற அரசு வடிவம் ஒன்றுதான். நூலுக்கு 5205, துணிக்கு 6006 என்று ஒவ்வொரு சரக்கு வரிசைக்கும் எச்எஸ்என் (சரக்கு வகை எண்) தனித்தனியாக நிற்கிறது. ஊகிக்க வேண்டியது எதுவும் இல்லாததால் ஏஜென்ட் உளறுவதும் இல்லை.

காசு கொடுத்தது வீண் இல்லை என்று தோன்றவைத்தது ஒரு நூல் பில். தாள் கையில் இருக்கிறது, தளம் பில்லுக்குத் தரும் 64 எழுத்துப் பதிவு எண்ணான ஐஆர்என் இருக்கிறது, கியூஆரை ஸ்கேன் செய்தால் கையெழுத்தும் சரி என்கிறது. ஏஜென்ட் மட்டும் ‘நிலை: சிஎன்எல்’, அதாவது ரத்து, என்று காட்டியது. மில்காரர் பில் போட்ட அன்று மாலையே ரத்து செய்துவிட்டு வேறு நம்பரில் புது பில் போட்டிருக்கிறார். ஐஆர்என்னைத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ஆனால் ஏற்கெனவே அச்சடித்த கியூஆருக்கு அது எப்படித் தெரியும்? கையெழுத்துப் போட்ட நேரத்து விவரம்தானே அதற்குள் இருக்கிறது. தளத்திலேயே நிலையைக் கேட்டால்தான் உண்மை தெரியும். அந்தப் பழைய தாளை வைத்து உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவு) எடுத்திருந்தால், விற்றவர்கள் காட்டிய பில்லை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் டூ-பி பட்டியலோடு ஒத்துப்பார்க்கும்போது விழி பிதுங்கியிருக்கும்.

இனி வயிற்றெரிச்சல். வெளி சாஃப்ட்வேர் தகவல் எடுக்க ஜிஎஸ்டி தளத்தில் கொடுக்கும் ஏபிஐ அனுமதி அதிகபட்சம் 30 நாள். அது முடிந்தால் திரும்ப ஓடிபி வாங்க வேண்டும். முதலாளிக்கு போன் போட்டால், “ஷிப்மென்ட்ல நிக்கிறேன் கண்ணு, அப்பறமா கூப்புடு” என்பார். சரி, அது கருவியின் குற்றம் இல்லை. ஆனால் அனுமதி காலாவதியானால் கருவி ‘அனுமதி இல்லை’ என்று திருப்பி அனுப்ப வேண்டாமா? ஒரு பில்லும் இல்லாத வெற்றுப் பட்டியலை அனுப்புகிறது. ஏஜென்ட்டும் அதை நம்பி, “இந்த மாதம் கொள்முதல் பில் எதுவும் வரவில்லை” என்று பவ்யமாகச் சொல்கிறது. நிட்டிங் மிஷின் இராத்திரி பகலாக ஓடுகிற கம்பெனிக்கு நூலே வாங்கவில்லையாம்! புகார் செய்தேன், அடுத்த அப்டேட்டில் சரி செய்கிறோம் என்றார்கள். அது வரும்வரை, ஒவ்வொரு பட்டியலின் தலையிலும் அனுமதி முடியும் தேதியைப் போடச் சொல்லி ஏஜென்ட்டுக்கு நிரந்தர உத்தரவு எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. பில் எடுக்கும் வசதியோடு, நாம் போட்ட பில்லை ரத்து செய்யும் வசதியையும் சேர்த்தே திறந்து வைத்திருக்கிறார்கள். நான் முதல் நாளே அதை அடைத்துவிட்டேன். ரத்தான பில் எண்ணில் மறுபடி ஐஆர்என் எடுக்க முடியாது, எண் போனது போனதுதான். “அந்தத் தப்பான பில்லை எடுத்துடு” என்று யாராவது அவசரத்தில் தட்டினால், காட்டச் சொன்னார்களா ரத்து செய்யச் சொன்னார்களா என்று ஏஜென்ட் எப்படிப் புரிந்துகொள்ளுமோ. வாங்குகிறவர்கள் படிக்கும் உரிமை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

நூல் ரேட் இந்த ஊரில் ரகசியம். ஒரே ஏரியாவில் போட்டி போடும் இரண்டு கம்பெனிக்கு நான் கணக்கு எழுதுகிறேன். ஒரே உரையாடலில் இரண்டு ஜிஎஸ்டி எண்ணையும் கேட்க முடிந்தது எனக்குப் பிடிக்கவில்லை. பார்ட்டிக்கு ஒரு தனி லாகின் போட்டுக்கொண்டேன், அதற்கும் தனிக் காசு.

எல்லா பில்லும் வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். இ-இன்வாய்ஸ் கட்டாயம் 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதலில் தொடங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கியது. அதற்குக் கீழே இருக்கும் காஜா பட்டன்காரர், செக்கிங் யூனிட், சின்ன பிரிண்டிங் பட்டறை பில்லெல்லாம் இன்னும் தாளில்தான் வரும், கையால்தான் ஏற்ற வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். வெற்றுப் பட்டியல் கோளாறு சரியானால் நாலரை. பத்துப் பதினைந்து பார்ட்டி வைத்திருக்கும் ஆபீஸுக்கு வாங்கலாம். ஒரே ஒரு ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் கம்பெனிக்குத் தேவையில்லை; இ-இன்வாய்ஸ் தளத்தில் கடந்த ஆறு மாதத்துக்கான பில்களை நேரடியாகவே இறக்கிக்கொள்ளலாம், காசும் கிடையாது.