நாற்பது ரூபாய் நோக்கியா திரை

களியக்காவிளைப் பழைய சாமான் கடையில் சிவப்புப் பலகையில் பொருத்திய, பழைய நோக்கியா 5110 போனின் எல்சிடி திரைகள் கிடந்தன. ஒன்று 40 ரூபாய். "எல்லாம் ஓடும் மக்கா" என்றார் அண்ணாச்சி. ஐந்து வாங்கினேன், ஓடியது மூன்று.

84-க்கு 48 புள்ளிகள், உள்ளே திரையை இயக்கும் பிசிடி8544 சிப். மின்சாரம் 3.3 வோல்ட் போதும். ஆர்டுயினோ ஊனோ என்ற புரோகிராம் செய்யும் சிறு பலகையின் 5 வோல்ட் சிக்னல்களை நேராகக் கொடுக்காதீர்கள், ஒவ்வொரு சிக்னல் வயரிலும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். மிச்ச இரண்டில் கோடுகள் விட்டுவிட்டுத் தெரிந்தன. கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் சிக்னலைக் கடத்தும் ரப்பர் பட்டையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தேன், ஒன்று பிழைத்தது! திரை முழுக்கக் கறுத்தால் புரோகிராமில் கான்ட்ராஸ்ட் மதிப்பைக் குறையுங்கள்.

ஓடாததை அண்ணாச்சி திருப்பி எடுக்கமாட்டேன் என்றதுதான் கடுப்பு. இப்போது ஒன்று அப்பாவின் ரப்பர் ஷீட் புகைக்கூட வாசலில் உள்வெப்பம் காட்டுகிறது. பகலில் பின்விளக்கே வேண்டாம்.