ஓசூர் எஃப்.எம்.இ.ஏ. வார இறுதி வகுப்பு: காசு கொடுக்கலாமா?

சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் சனி, ஞாயிறு நடக்கிற பயிற்சி இது. எஃப்.எம்.இ.ஏ. என்றால் ஒரு பொருளின் டிசைனிலோ அதைத் தயாரிக்கிற ப்ராசஸிலோ எங்கே தப்பு நடக்கலாம், நடந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஒரு ஷீட்டில் எழுதிப் பார்ப்பது. குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

பாடம் எடுத்தவர் ஷாப் ஃப்ளோரில் நின்று பழகியவர், பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. 1949-ல் அமெரிக்க ராணுவம் ஆரம்பித்தது, பின்டோ கார் தீப்பிடித்த பிரச்சினைக்குப் பிறகு ஃபோர்டு கையில் எடுத்தது எல்லாவற்றையும் மளமளவென்று முடித்துவிட்டு நேராக ஷீட்டுக்கு வந்துவிட்டார்.

கொடுத்த காசு ஆர்.பி.என். (ஆபத்து முன்னுரிமை எண்) பகுதிக்கே சரியாகப் போச்சு. தீவிரம், நிகழும் வாய்ப்பு, கண்டுபிடிப்பது மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மார்க் போட்டுப் பெருக்க வேண்டும் (கண்டுபிடிக்கக் கஷ்டம் என்றால்தான் மார்க் கூடும், பாதிப் பேர் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள்). பிரேக் போல்ட்டில் டார்க் (முறுக்கு விசை) குறைந்தால் 10×2×5, பெயின்ட் கீறலுக்கு 4×5×5, இரண்டுமே 100. "ரெண்டும் ஒண்ணாங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். நம்ம வெண்டர் கம்பெனிகளில் 100-ஐத் தாண்டினால்தான் நடவடிக்கை என்று கோடு போட்டுக்கொண்டு, ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து 96 ஆக்குகிற கூத்து ஊருக்கே தெரியும். 2019-ல் வந்த ஏ.ஐ.ஏ.ஜி.-வி.டி.ஏ. (அமெரிக்க, ஜெர்மன் வாகனத் துறை அமைப்புகள்) கையேடு இந்தப் பெருக்கலை எடுத்துவிட்டு உயர்வு, நடுத்தரம், குறைவு என்று முன்னுரிமை வைத்தது, அதில் முதல் கவனம் தீவிரத்துக்கு.

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலையிலிருந்து வந்த ஒரு பெண், டின் மூடி சீமிங் (ரோலர் வைத்து மூடியை டின்னோடு மடித்து இறுக்குவது) சரியில்லாமல் கசிவதை எடுத்துக்கொண்டார். இன்னொரு ஆளைச் செக்கிங்குக்குப் போட்டால் போதாதா சார் என்றதற்கு, அது கண்டுபிடிப்பு மார்க்கைத்தான் கொஞ்சம் இறக்கும், தேய்ந்த ரோலர் தேய்ந்தபடியேதான் ஓடும், அதை எப்போது மாற்றுவது என்று முடிவு செய்தால்தான் தப்பு நடப்பதே குறையும் என்றார். தீவிரமோ, டிசைனில் கைவைக்காமல் அசையாதாம்.

இனி குறை. டிசைன் எஃப்.எம்.இ.ஏ.வை ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளிவிட்டு அவசரமாக ஓட்டினார்கள், விளம்பரத்தில் டிசைன், ப்ராசஸ் இரண்டுக்கும் சம நேரம் என்று போட்டிருந்தார்கள். வகுப்பில் கொடுத்த கையேடு முழுக்க இங்கிலீஷ், ஐ.டி.ஐ. முடித்த தம்பிகள் திணறினார்கள். சாப்பாடு பரவாயில்லை.

ப்ராசஸ் பக்கம் வேலை பார்ப்பவர்கள் தாராளமாகப் போகலாம், உங்கள் பார்ட் டிராயிங்கையும் கன்ட்ரோல் பிளானையும் கையோடு எடுத்துப் போங்கள், கேட்டால் அதிலேயே போட்டுக் காட்டுகிறார். டிசைன்காரர்கள் வேறு இடம் பாருங்கள்.